கத்தரிக்காயில் ஊசி

ஊசி பழக்குவதற்குச் சாத்துக்குடி கேட்டிருந்தாள் ஜெபக்கனி, கத்தரிக்காய் வந்திருந்தது. காய்ச்சல் பரவிய நாளிலிருந்து சாத்துக்குடிக்கு மவுசு ஏறிவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை என்று சுகாதார ஆய்வாளர் போனிலேயே கையை விரித்துவிட்டு, உருண்டைக் கத்தரிக்காயாகப் பார்த்து ஒரு சாக்கு அனுப்பியிருந்தார். விசேஷ வீட்டுக்குச் சாம்பார் வைக்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இரண்டு மாதமாக இலை விழாத நீள மேசைகளில், ஆளுக்கொரு கத்தரிக்காயை முன்னால் வைத்துக்கொண்டு பதினேழு பேர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க ஜெபக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னார்வலர்களாம். தடுப்பூசி போட ஆள் பற்றவில்லை, ஏதாவது ஒரு வகையில் ஊசி பிடித்த கையாக இருந்தால் போதும், இரண்டே நாளில் பழக்கிக் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், பல் டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் மாட்டாஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவர்களும் சேவை செய்கிறோம் என்று கிளம்பி வந்துவிட்டார்கள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் ஊசி போட்டவள். கட்டைவிரல் நுனியில் காய்ப்பே விழுந்திருக்கிறது. அடுத்த வருஷம் ஓய்வு. அந்தக் காய்ப்பு விழ எத்தனை ராத்திரி, எத்தனை பகல். அதை இவர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டு, சாயங்காலம் அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, நாளைக் காலையில் ஊர் ஊராகப் போய் மனுஷன் தோளில் குத்தப் போகிறார்கள். நாலு மணிக்கு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் அவள் கண் முன்னால் ஒரு நிஜ ஊசி போட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இப்போது மணி இரண்டேகால். அதுவரை ஊசியில் மருந்துக்குப் பதில் நீல மை கலந்த தண்ணீர். குத்திய காயை இரண்டாக வெட்டினால் மை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நேராகவா கோணலாகவா என்று தெரிந்துவிடும். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். பல் டாக்டர் மிருணாளினி கையுறை மாட்டி, கண்ணாடி மாட்டி, முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் மாட்டிக்கொண்டு கத்தரிக்காயைக் குத்திக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் இருமிவிடும் என்று பயம் போலிருக்கிறது. "மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா" என்றாள். "மேடம் இல்ல, சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே ஜெபக்கனி அந்தக் காயை வெட்டினாள். மை தோலுக்கடியிலேயே தேங்கி நின்றது. "சதைக்குப் போகணும் டாக்டர், தோலோட நின்னா மருந்து வேஸ்டு. கத்தரிக்காய்க்கு வலிக்காது, தைரியமா குத்துங்க." பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். தன் காயை வெட்டும்வரை எல்லோருக்கும் சிரிப்பு வரும்.

இவர்களில் அவளுக்கு ஆகவே ஆகாத ஆள் ஆவுடையப்பன். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோமாரி ஊசி ஆயிரக்கணக்கில் போட்டிருக்கேன் சிஸ்டர் என்று முதல் நாள் காலையிலேயே ஆரம்பித்தவர். காலையில் அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் அவள் மானத்தை வாங்கிவிட்டார். வாங்கினார் என்றும் சொல்ல முடியாது, அவளே தூக்கிக் கொடுத்தாள். இப்போது வருகிற ஊசி ஒரே தடவைதான் வேலை செய்யும். தண்டை ஒருமுறை இழுத்து ஒருமுறை தள்ளினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி யாரும் அதை யாருக்கும் போட முடியாது. இதை அவளே அரை மணி நேரம் விளக்கிச் சொன்னாள். சொல்லி முடித்து, செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்று கையில் எடுத்தவள், பழைய கண்ணாடி ஊசிக் காலத்திலிருந்து கைக்குப் பழகிப்போனபடி, முதலில் காற்றை இழுத்து, குப்பிக்குள் தள்ளினாள். பூட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். "சிஸ்டர், காத்து இழுத்துட்டீங்க, லாக் ஆயிருச்சு" என்றார் ஆவுடையப்பன், மெதுவாகத்தான் சொன்னார், கடைசி மேசைவரை கேட்டது. கையாவது, பழக்கமாவது, கற்றுக்கொடுக்க வந்தவளுக்கே கை பேச்சைக் கேட்கவில்லை. அதிலிருந்து அவர் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்து சூடாகிறது. இப்போது பார், கத்தரிக்காயை முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறார், மூன்றாவது தட்டோடு ஊசியை இறக்குகிறார். காய் உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. "இது எருமை இல்ல சார்." "தெரியும் சிஸ்டர். ரெண்டு தட்டு தட்டிட்டா மூணாவது குத்து அதுக்குத் தெரியாது. கை தானா போயிருது." அவள் காயை எடுத்து வெட்டினாள். மை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக, எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவு போயிருந்தது. அதுதான் எரிச்சல். மாட்டுக்கு ஊசி போட்டவன் கை நேராக இருக்கிறது. மாடு செத்தால் யார் கேட்கப் போகிறார்கள், பயமில்லாத கை நேராகத்தான் போகும். மனுஷனுக்குப் போட்டுப் பார், ஒருத்தன் உன் கண் முன்னால் போகிறதைப் பார், அப்புறம் தட்டு. அவளுக்கு இருபத்தைந்து வயது அப்போது. பஸ் கண்டக்டர், கட்டுமஸ்தான ஆள், காலில் சீழ் பிடித்துப் பென்சிலின் போட வந்தார். துளி மருந்து போட்டுச் சோதித்தாள், இருபது நிமிஷம் காத்திருந்து பார்த்தாள், ஒரு தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, அதற்குப் பிறகுதான் முழு ஊசி போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையை இறக்கிக்கொண்டே, தொண்டை அரிக்குது சிஸ்டர் என்றார். தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள். தண்ணீர் கொண்டு வருவதற்குள் பெஞ்சு காலியாக இருந்தது, ஆள் தரையில் கிடந்தார், உதடு நீலமாக. டாக்டர் ஓடி வந்தார், என்னென்னவோ போட்டார். விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். எழுதினால் போதுமா. அன்றைக்குப் பிறகு லட்சம் பேருக்குப் போட்டிருப்பாள், ஒருத்தர் கையாலும் தனக்கென்று ஓர் ஊசி போட்டுக்கொண்டதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை, காய்ச்சலுக்கு மாத்திரை, தையல் போடும் அளவுக்குக் கை கிழிந்தபோதுகூட மரப்பு ஊசி வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டவள். தைரியசாலி என்று வார்டில் பேர். நல்ல பேர்தான்.

"அக்கா, எனக்கு வெட்டிப் பாருங்க" என்றான் தனிஸ்லாஸ். கடைசி மேசை. ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், நாற்பது வயது, ஆக்னஸின் புருஷன். ஆக்னஸ் போன மாதம் செத்துப் போனாள். ஜெபக்கனியோடு ஒரே வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஆக்னஸ். அவளைப் புதைத்த முப்பத்தோராம் நாள் இவன் இங்கே வந்து கத்தரிக்காய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பெண் பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு. எதற்கு இந்தத் தியாகம், யார் கேட்டார்கள். நேற்று அறிமுகம் செய்துகொள்ளும்போது, என் மனைவி நர்ஸ், ரெண்டு தவணையும் போட்டிருந்தா, இருந்தும் தவறிட்டா, ஆனாலும் ஊசிமேல எனக்கு நம்பிக்கை இருக்கு, அவ செஞ்ச வேலைய நான் கொஞ்சம் செய்றேன் என்றான், பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எல்லோரும் கை தட்டினார்கள், ஜெபக்கனியும் தட்டினாள். கூடத்திலேயே பலமாகத் தட்டியவள் அவளாகத்தான் இருக்கும். அவனைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வருகிறது. அந்த அக்கா என்கிற சொல்லைக் கேட்டால் இன்னும் வருகிறது. அவ எப்பவும் ஒங்க பேச்சுதான்க்கா, ஜெபக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்பா என்று டீ குடிக்கும்போது சொன்னான். ஆமாம், சொன்னால் கேட்பாள். பிப்ரவரி மாதம், ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கெல்லாம் முதல் ஊசி. கடைசியாக இவர்கள் இரண்டு பேரும்தான் பாக்கி. அறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு ஆக்னஸ் போட வேண்டும், ஆக்னஸுக்கு அவள் போட வேண்டும். ஜெபக்கனி சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தொண்டை அரித்தது. நிஜமாகவே அரித்தது, ஊசி இன்னும் குப்பியைவிட்டே வரவில்லை. "ஏட்டி ஆக்னஸ், அவசரப்படாத. புது மருந்து. நாலு மாசம் போகட்டும், போட்டவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்." "அப்போ லிஸ்டுல பேரு நிக்குமேக்கா." "ஒனக்கு நான் எழுதுதேன், எனக்கு நீ எழுது. மருந்த பஞ்சுல பீச்சிரு." ஆக்னஸ் சிரித்தாள். ஜெபக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இரண்டு பேர் மருந்தையும் பஞ்சு குடித்தது. இரண்டாவது ஊசிக்கு அந்தக் கூச்சம்கூட இல்லை, பேசிக்கொள்ளக்கூட இல்லை, ஆளுக்கொரு பஞ்சு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் சான்றிதழ் போனில் வந்தது. ஏப்ரலில் வார்டு நிரம்பியது, மே மாதம் ஆக்னஸுக்கு மூச்சு முட்டியது, ஒன்பது நாள். கடைசியில் பேச முடியாத நேரத்தில், ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே அந்தக் கண் ஜெபக்கனியையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன செய்யலாம்க்கா என்று கேட்கிற அதே பார்வை, கட்டில் எண் ஏழுக்கு டிரிப் மாத்தட்டுமா என்று கேட்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"அக்கா?" என்றான் தனிஸ்லாஸ். வெட்டாமல் கத்தியோடு நின்றுகொண்டிருக்கிறாள். வெட்டினாள். சரியாகப் போட்டிருந்தான், கொஞ்சம் சரிவு, பரவாயில்லை. "நல்லா வந்துருக்கு" என்றாள். "ஆக்னஸ் பக்கத்துல இருந்தா, சரிவா இருக்குன்னு சொல்லியிருப்பா" என்று சிரித்தான். சொல்லியிருப்பாள்தான். ஜெபக்கனி மேடைப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையில் கடைசியாகக் கல்யாணம் நடந்தவர்களின் பெயர் தெர்மாகோலில் இன்னும் ஒட்டியிருந்தது, பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து விழுந்திருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்களோ. கூடத்தில் யாரோ இருமினார்கள். உடனே அவளுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடும், யார், எத்தனை அடி தூரம், ஜன்னல் திறந்திருக்கிறதா. மற்றவர்கள் இருமலுக்குத் திரும்பிப் பார்ப்பது ஒரு வழக்கத்துக்காக, அவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள். இந்தக் கூடத்தில் போடாத ஒரே ஆள் கற்றுக்கொடுக்க வந்தவள். அதனால்தான் முகத்தில் இரண்டு கவசம், அதைப் பார்த்து எவ்வளவு கவனமான சிஸ்டர் என்று பாராட்டுகிறார்கள், முட்டாள்கள். இப்போது போட்டுக்கொள்ளலாமே என்றால் எப்படிப் போட்டுக்கொள்வது, கம்ப்யூட்டரில் இரண்டும் ஏறியாயிற்று. போட வேண்டுமென்றால் போடவில்லை என்று சொல்ல வேண்டும். தன்னைச் சொன்னால் ஆக்னஸையும் சொல்ல வேண்டும். ஆக்னஸைப் புதைத்த மறுநாள் ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குப்பியில் மிஞ்சிய ஒரு தவணையை இழுத்து, இடது தோளில் தானே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். மூன்று விரல் அளந்தாள். வலது கை வந்தது, தோலுக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டது. லட்சம் பேரைக் குத்திய கை. போ என்றாள், போகவில்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்றாள், பைத்தியக்காரி மாதிரி, வேர்த்து ஊற்ற. பிறகு பழக்கப்பட்ட பஞ்சு. அது என்ன பயம் என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. சாவு பயம் என்றால் ஊசி போடாமல் அந்த வார்டில் எப்படி நின்றாள். வேலை போய்விடும், பென்ஷன் நின்றுவிடும் என்கிற பயம் என்றால் அது நியாயமான பயம், அதைச் சொல்லிச் சமாதானமாகலாம். அதுவும் இல்லை. தனிஸ்லாஸ் முகம். இவன் தன் பொண்டாட்டி எல்லாம் சரியாகச் செய்தும் செத்துப்போனாள், விதி என்று ஒரு மூலையில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். அதைப் பிடுங்கி, இல்லையடா, போட்டிருந்தால் பிழைத்திருப்பாள், போடாதே என்று சொன்னது நான் என்று கையில் கொடுக்க வேண்டும். அதற்கு அவள் தயாரில்லை. எவ்வளவு நல்ல மனசு பார், அவன் துக்கத்தைக் காப்பாற்றுகிறாளாம். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதற்கு எத்தனை அலங்காரம். இந்தப் பதினேழு பேரையும் இரண்டு நாளாக இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, இதில் ஒருத்தராவது இவ்வளவு கேவலமாக நடந்திருப்பார்களா. மாட்டார்கள். அந்தப் பல் டாக்டர்கூட மாட்டாள். இதில் இன்னொன்று, அதை நினைக்காமல் இருக்கத்தான் கத்தியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகச் சுற்றுகிறாள். ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. ரெண்டு ஊசி போட்ட நர்ஸம்மாவே செத்துப் போயிட்டாங்க, அப்புறம் எதுக்கு இந்த ஊசி. டீக்கடையில் கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் கேட்டாள். போன வாரம் முகாமுக்கு நூறு பேர் வர வேண்டிய இடத்தில் இருபது பேர் வந்தார்கள். பஞ்சில் பீச்சிய நாலு தவணை மருந்து ஊரெல்லாம் போய் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நாலு மணிக்கு டிராக்டரில் வந்து இறங்கினார்கள். பச்சை மேல்சட்டை, செருப்பில் ஈரம், கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நுழைவாசலில் சந்தனம் கொடுக்கும் மேசையில் ஒரு பெண் லேப்டாப் வைத்துக்கொண்டு பெயர் பதிந்தாள். இப்போது நிஜ மருந்து. ஜெபக்கனி ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் போய் நின்றாள். மிருணாளினி கண்ணை இறுக்கிக்கொண்டு போட்டாள், நன்றாகவே போட்டாள், போட்டவுடன் தாங்க்யூ என்று அந்த ஆளிடம் சொன்னாள். ஆவுடையப்பன் முஷ்டியைத் தூக்கி, அவளைப் பார்த்து, இறக்கிக்கொண்டு, தட்டாமலேயே போட்டார். "முடிஞ்சுதா?" என்றான் போட்டுக்கொண்டவன், தெரியவே இல்லையாம். தனிஸ்லாஸ் நாற்காலிக்கு முத்துப்பேச்சி என்கிற அம்மாள் வந்து உட்கார்ந்தாள். பஸ் நிலையம் கூட்டுகிறவள், ஐம்பது வயது இருக்கும். தோள்வரை சட்டையை ஏற்றினாள், அவன் மருந்தை இழுத்தான், அவள் சட்டையை இறக்கிவிட்டாள். "யம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக" என்றாள் ஜெபக்கனியிடம். "பெரியாஸ்பத்திரில ஆக்னஸ் சிஸ்டர்னு இருந்தாகள்ல. எம் மவளுக்குப் பிரசவம் பாத்தவுக. அவுக ரெண்டு ஊசியும் போட்டவுகதான. அவுகளே நிக்கல. குப்பை அள்ளுத எனக்கு இது என்னத்தக் கேக்கப் போவுது." ஊசியை வைத்திருந்த தனிஸ்லாஸ் தலையை நிமிர்த்தினான். "நான் அவ வீட்டுக்காரன்தான்மா" என்றான் சாந்தமாக. "ஊசி நல்ல ஊசிதான். அவ உடம்புக்குத்தான் கேக்கல. ஒங்களுக்குக் கேக்கும், பயப்படாதீங்க." முத்துப்பேச்சி பாவம் என்று உதட்டைப் பிதுக்கினாள். "நீங்களே கேக்கலன்னுதான ஐயா சொல்லுதீக" என்று எழுந்துகொண்டாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்கள்.

ஜெபக்கனிக்கு வாயில் வார்த்தை தயாராக இருந்தது. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சுது, கை கொஞ்சம் கனமா இருந்துச்சு, அவ்வளவுதாம்மா. நானூறு ஐந்நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி, எந்தக் கை கனத்தது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருப்பதுபோல் ஆகிவிட்ட வார்த்தை. இதோ இப்போது சொன்னால் இந்த அம்மாள் உட்கார்ந்துவிடவும் கூடும், உட்காராமலும் போகலாம், போனால் அந்த இரண்டு பெண்களும் போவார்கள், அவர்கள் தெருவும் போகும். சொல்ல வாயைத் திறந்தாள். "ஆக்னஸ் போடல" என்றாள். யாருடைய குரலோ என்று இருந்தது. தனிஸ்லாஸ், "என்னக்கா?" என்றான். "அவ ஊசி போடல, தனிஸ்லாஸ். ரெண்டு தடவையும் போடல. போட்டதா எழுதுனது நான். நானும் போடல. எனக்கு அவ எழுதுனா." ஆவுடையப்பன் கையிலிருந்த பஞ்சோடு அப்படியே நின்றார். தனிஸ்லாஸ் ஊசியைத் தட்டில், முனை எதிலும் படாதபடி, கற்றுக்கொடுத்தபடியே வைத்தான். வைத்துவிட்டுக் கேட்டான். "வேணாம்னு அவ சொன்னாளா, நீங்க சொன்னீங்களா?" இதற்கும் ஒரு பொய் இருந்தது, செத்தவள் வந்து மறுக்கப் போவதில்லை. "நான் சொன்னேன்" என்றாள் ஜெபக்கனி. "அவ எதுக்குன்னுகூடக் கேக்கல." அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. முத்துப்பேச்சி அவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ ஊசி போடாமத்தான் அந்தப் புள்ள போச்சா" என்றாள், யாரையும் கேட்காமல். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தோளுக்கு மேலே ஏற்றினாள். "போடுங்க ஐயா." தனிஸ்லாஸ் ஊசியை எடுத்தான். தோள் எலும்பிலிருந்து மூன்று விரல் அளந்தான். குத்தினான், சரிவு இல்லை. ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, முத்துப்பேச்சியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், "அடுத்த ஆள்" என்றான். வாசல் பக்கம் திரும்பியிருந்த பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், முன்னால் வரவில்லை. ஜெபக்கனி வரிசையின் முன்பக்கமாகப் போய்ச் சந்தன மேசை அருகில் நின்று தன் பெயரைச் சொன்னாள். லேப்டாப்புக்குப் பின்னாலிருந்த பெண் தட்டிப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்: முதல் தவணையா, இரண்டாவதா?

"மொதல்" என்றாள் ஜெபக்கனி.